கடைமடைக்கு எத்தனை பிட்?

வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து வந்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தின் கடைசியிலும், விசிடி வந்த காலத்தின் தொடக்கத்திலும் எனக்கு மீசை முளைத்தது. கேசட் தேய்ந்தால் திரையில் மழைக்கோடு விழும். விசிடியின் கோளாறு வேறு மாதிரி. நாயகனும் நாயகியும் நின்று பேசுகிறவரை படம் பளிச்சென்று இருக்கும். கிளைமாக்ஸில் கொட்டுகிற மழையில் நாலு பேர் சேற்றில் புரண்டு அடித்துக்கொண்டால் போச்சு, திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடையும். சிடி கீறல் என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொண்டுபோவோம். அவரும் சட்டை நுனியால் வட்டமாகத் துடைத்துக் கொடுப்பார். மறுபடி போட்டால் அதே மழை, அதே சண்டை, அதே கட்டம்.

சிடியில் கீறலே கிடையாது என்று எனக்குத் தெரிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று. 1993-இல் வகுத்த விசிடி தரம் படத்தின் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே படிதான் அளந்தது: விநாடிக்கு சுமார் 1,150 கிலோபிட். ரேஷன் கடை கணக்கு. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிற பாட்டிக்கும் 1,150, மழைச் சண்டைக்கும் 1,150. பாட்டிக்கு அதில் பாதி போதும், மிச்சம் வீண். சண்டைக்கு நாலு மடங்கு வேண்டும், கிடைக்காது. பின்னால் வந்த டிவிடி இதை மாற்றியது. காட்சி கேட்கிற அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம், உச்சம் மட்டும் படத்துக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஒரு வட்டு, ஒரு படம். பங்கு கேட்க வேறு ஆள் இல்லாததால் சுலபமாக முடிந்தது.

ஒரே குழாயில் பதினாலு படம் ஒரே நேரத்தில் ஓடவேண்டும், ஒவ்வொன்றும் நொடிக்கு நொடி வேறு வேறு அளவு கேட்கும் என்றால்? அந்தப் பங்குச் சண்டையைத்தான் மதுரையில் ஒரு கேபிள் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை எனக்கு முன்னாலேயே தொடங்கியது. தொடங்கிய இடம் டிவி இல்லை, டெலிபோன்.

டென்மார்க்கில் ஏ.கே. எர்லாங் என்று ஒருவர். கணக்குப் படித்தவர். 1908-இல் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் சேர்ந்தார், 1909-இல் தன் முதல் முக்கியக் கட்டுரையை எழுதினார். ஊரில் ஆயிரம் வீட்டில் போன் இருந்தால் ஆயிரம் லைன் போடவேண்டுமா? வேண்டாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசப்போவதில்லை. அப்படியானால் எத்தனை போட்டால் நூற்றில் ஒருவருக்கு மட்டும் லைன் கிடைக்காமல் போகும்? அவர் கணக்கு இதற்கு விடை சொன்னது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் ஆயிரம் பத்திரிகைக்கு எத்தனை இலை என்று கணக்குப் போடுகிற அதே புத்திதான், எர்லாங் அதற்கு நிரூபணம் எழுதினார். அந்த நிரூபணத்தின் அடியில் ஒரு நிபந்தனை உண்டு: கூப்பிடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கூப்பிடக் கூடாது. அவரவர் பாட்டுக்குக் கூப்பிட வேண்டும். இந்த நிபந்தனையை மனதில் வையுங்கள், எனக்கு அது பிறகு வேண்டும்.

1956-இல் ஸ்காட்லாந்தின் ஓபனிலிருந்து நியூஃபவுண்ட்லாந்தின் கிளாரன்வில் வரை அட்லாண்டிக் கடலடியில் முதல் டெலிபோன் கேபிள் போட்டார்கள். ஆரம்பத்தில் 36 பேச்சுவழிகள்தான். கடலுக்கு அடியில் இன்னொரு கேபிள் இழுப்பது லேசான செலவு அல்ல. பெல் ஆய்வகத்துக்காரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். போனில் இரண்டு பேர் பேசினால் ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கிறார். பேசுகிறவரும் மூச்சு வாங்குகிறார், யோசிக்கிறார், 'ம்...' என்று இழுக்கிறார். ஆக ஒரு திசையில் பாதிக்கு மேற்பட்ட நேரம் வழி சும்மா கிடக்கிறது. அந்த மௌனத்தில் இன்னொருவர் பேச்சை நுழைத்தார்கள். டாசி என்று அந்த முறைக்குப் பெயர். 1960-இல் அந்தக் கேபிளில் ஓட ஆரம்பித்தது, பேச்சுவழி கிட்டத்தட்ட இரட்டிப்பானது. எல்லாரும் ஒரே சமயத்தில் வாயைத் திறந்துவிட்டால் யாரோ ஒருவரின் முதல் எழுத்து விழுங்கப்படும். 'ஹலோ' என்பது 'லோ' என்று போய்ச் சேரும்.

பேச்சுக்கு இரண்டே நிலை, பேசுகிறான் அல்லது சும்மா இருக்கிறான். படம் அப்படி இல்லை. படத்துக்கு மௌனம் கிடையாது, பசி மட்டும் கூடும் குறையும். 1970-இல் பிட்ஸ்பர்கில் ஏடி அண்ட் டி கம்பெனி முகம் பார்த்துப் பேசும் பிக்சர்ஃபோனை வியாபாரத்துக்கு விட்டது. ஓடவில்லை. மாதக் கட்டணம் கட்டி மாமியார் முகத்தைப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த ஓடாத வண்டிக்காகச் செய்த ஆராய்ச்சிதான் இன்று வரை ஓடுகிறது. 1969-இல் பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் மவுண்ட்ஸ் ஒரு வழி சொன்னார்: போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் எந்தப் புள்ளி மாறியதோ அதை மட்டும் அனுப்பு. தலை அசைந்தால் நிறைய, அசையாவிட்டால் கொஞ்சம். அப்படிச் செய்த உடனே தகவலின் அளவு நொடிக்கு நொடி மாற ஆரம்பித்துவிட்டது. 1972-இல் அதே ஆய்வகத்தின் பேரி ஹாஸ்கல் அடுத்த கேள்வியைக் கேட்டார். இப்படிப் பல பிக்சர்ஃபோன் பேச்சுகளை ஒரே வழியிலும், தகவல் தேங்கி நிற்கிற ஒரே தொட்டியிலும் சேர்த்துவிட்டால் என்ன? ஒருவர் தலையாட்டும்போது இன்னொருவர் சும்மா இருப்பார் அல்லவா? பங்கு போடும் தொழிலுக்கு, டிவியைப் பொறுத்தவரை, இதையே பிறந்தநாள் என்பேன்.

இந்தத் தொழிலின் இன்னொரு கால் நம் பக்கம் ஊன்றியிருக்கிறது. 1974 ஜனவரியில் மூன்று பேர் ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார்கள். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன கே.ஆர். ராவ். படத்தைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் எவ்வளவு வழவழப்பு, எவ்வளவு நுணுக்கம் என்று பிரித்துச் சொல்லும் கணக்கு அது. பெயர் டிசிடி. ஜேபெக், விசிடி, டிவிடி, கேபிள் டிஜிட்டல், டிடிஹெச் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. எம்பெக் முறையில் சதுரம் எட்டுக்கு எட்டுப் புள்ளி. பிட் போதாமல் போனால் முதலில் நுணுக்கத்தை வீசி எறிவார்கள், சதுரத்துக்குள் வெறும் சராசரி நிறம் மிஞ்சும். பக்கத்துச் சதுரத்தோடு விளிம்பு ஒட்டாது. 'கட்டம் கட்டமா உடையுது' என்று ஊர் முழுக்கச் சொல்வது சரியான தொழில்நுட்ப வர்ணனை. ஒரே ஒரு திருத்தம்: உடைவதில்லை, அந்தக் கட்டங்கள் எப்போதும் அங்கேதான் இருக்கின்றன. நுணுக்கம் இருக்கிறவரை தையல் தெரியாது.

1980-களின் கடைசியில் டெலிபோன் உலகம் ஏடிஎம் என்று ஒரு கனவு கண்டது. பணம் எடுக்கிற பெட்டி அல்ல. பேச்சு, படம், கம்ப்யூட்டர் தகவல் எல்லாவற்றையும் 53 பைட் பொட்டலங்களாக நறுக்கி ஒரே வலையில் விடுவது. அதில் 5 பைட் விலாசம், 48 சரக்கு. ஒரு தரப்பு 32 போதும் என்றது, மறு தரப்பு 64 கேட்டது, நடுவில் 48 என்று முடிந்தது. பஞ்சாயத்து எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான். அந்த வலையில் படத்துக்குத் தேவைப்படுகிறபோது அதிகம், தேவையில்லாதபோது குறைவு என்று கொடுக்கலாம், படத்தின் தரம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் என்றார்கள். அளவு மீறுகிறவனைப் பிடிக்க ஜோனதன் டர்னர் 1986-இல் ஒரு முறை சொல்லியிருந்தார். பெயரே அழகு, ஓட்டை வாளி. வாளியில் நீ எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் ஓட்டை வழியே போவது ஒரே அளவு. வாளி வழிந்தால் வழிந்தது உன் நஷ்டம்.

ஆனால் எவ்வளவு பெரிய வாளி? அதற்கு, படம் உண்மையில் எப்படிப் பிட் கேட்கிறது என்று யாராவது அளந்து பார்க்கவேண்டும். நியூஜெர்சியின் பெல்கோர் ஆய்வகத்தில் மார்க் காரெட் இரண்டு மணி நேர 'ஸ்டார் வார்ஸ்' படத்தை எடுத்து, சுமார் 1,71,000 சட்டங்களையும் (ஃபிரேம்) ஒன்று விடாமல் சுருக்கி, ஒவ்வொன்றும் எத்தனை பைட் என்று குறித்தார். 1994-இல் அவரும் வால்டர் வில்லிங்கரும் அதை அலசி எழுதினார்கள். முடிவு எர்லாங் பரம்பரைக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. டெலிபோன் அழைப்புகளை நிமிஷக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் சமனாகிவிடும். படம் சமனாகவில்லை. விநாடியாகப் பார்த்தாலும் மேடு பள்ளம், நிமிஷமாகப் பார்த்தாலும் மேடு பள்ளம், பத்து நிமிஷமாகப் பார்த்தாலும் அதேதான். சண்டை தொடங்கினால் சண்டையாகவே கொஞ்ச நேரம் போகும், அதுதானே சினிமா? வாளியைப் பெரிதாக்கிச் சமாளிக்க முடியாது, இந்த மழை சீக்கிரம் விடுகிற மழை அல்ல. நம் ஊர்ப் படம் ஒன்றை எடுத்து அளந்திருந்தால், ஆறு பாட்டும் அதில் பறக்கிற பூவும் துப்பட்டாவும் சேர்ந்து அவர்களை இன்னும் பயமுறுத்தியிருக்கும்.

ஏடிஎம் கனவு வீடு வரை வந்து சேரவில்லை. இணையம் மலிவாக வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு தழும்பு மட்டும் எங்கள் தொழிலில் மிஞ்சியது. டிஜிட்டல் டிவியின் ஒவ்வொரு பொட்டலமும் 188 பைட். 48-இல் ஒரு பைட் அடையாளத்துக்குப் போனால் 47, நாலு நாற்பத்தேழு 188. ஏடிஎம் பெட்டியில் கச்சிதமாக உட்காரட்டும் என்று தைத்த சட்டை. போட்டுக்கொள்ளவேண்டிய ஆள் வரவில்லை, சட்டையை நாங்கள் போட்டுக்கொண்டு திரிகிறோம்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தபோது இதெல்லாம் எதுவும் தெரியாது. அது அனலாக் காலம். மொட்டைமாடியில் டிஷ், கீழே இரும்பு ராக்கில் மாடுலேட்டர் வரிசை, சேனலுக்கு ஒன்று. ஒவ்வொரு சேனலுக்கும் கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸ். பத்து ரூபாய்க்கும் பெறாத 'விரைவில்...' என்ற ஸ்லைடு ஒன்று நாள் முழுக்க ஓடினாலும் அதற்கும் அதே 7. கிரிக்கெட்டுக்கும் அதே 7. சண்டை அளவில் இல்லை, இடத்தில் இருந்தது. வீடுகளில் பழைய டிவிப் பெட்டிகள் கீழ் எண் சேனல்களைத்தான் சுத்தமாகப் பிடிக்கும். அதனால் கீழ் எண்ணுக்கு ஆளாளுக்கு அடித்துக்கொள்வார்கள். லோக்கல் சேனல் என்பது ஒரு விசிடி பிளேயர், ஒரு மாடுலேட்டர், வட்டு மாற்ற ஒரு பையன். அந்தப் பையன் நான். மழைச் சண்டையில் கட்டம் உடைந்தால் தெருவில் என்னை நிறுத்தித் திட்டுவார்கள்.

டிஜிட்டலுக்கு மாறியபோது ராக்கில் பாதி காலியானது. பழைய சேனல் ஒன்று இருந்த இடத்தைவிடக் கொஞ்சம் அகலம், 8 மெகாஹெர்ட்ஸ். அதில் விநாடிக்கு 38 மெகாபிட் போகும். செயற்கைக்கோளில் ஒரு டிரான்ஸ்பாண்டரில் வழக்கமாக வருவதும் ஏறக்குறைய அதே 38. தற்செயல் அல்ல, வானத்தில் வருவது அப்படியே கேபிளில் இறங்கவேண்டும் என்று வகுத்தது. அந்த 38-க்குள் எத்தனை சேனல் என்பதுதான் முதலாளிக்கு ஒரே கேள்வி. ஆளுக்குச் சமமாக நாலு மெகாபிட் கொடுத்தால் ஒன்பதோடு கதவைச் சாத்தவேண்டும். அப்படிச் சமமாகக் கொடுக்கும்போது, தேவை குறைந்த சேனல் தன் மிச்சத்தை வெற்றுப் பொட்டலங்களால் நிரப்பும். அந்தப் பொட்டலங்களுக்கு எண்கூட உண்டு, 8191. உள்ளே ஒன்றும் இருக்காது, ஆனால் இடம் பிடிக்கும். பஸ்ஸில் துண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவனுடைய சீட் மாதிரி.

ஏடிஎம்காரர்களுக்கு வாய்க்காதது எங்களுக்கு வாய்த்தது. வலையில் ஓடுகிற படங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. கன்ட்ரோல் ரூமில் படத்தைச் சுருக்குகிற என்கோடர்கள் எல்லாம் ஒரே ராக்கில், ஒன்றின் மேல் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணினி. படம் வெளியே போவதற்கு முன்பே ஒவ்வொரு என்கோடரும் தன் காட்சியை எட்டிப் பார்த்து, 'எனக்கு இப்போது கஷ்டமான காட்சி' என்றோ 'நியூஸ் ரீடர்தான், கொஞ்சம் போதும்' என்றோ சொல்லும். மேலிருக்கிற கணினி 38-ஐ அதற்கேற்றபடி பிரிக்கும். இது கண் இமைக்கிற நேரத்துக்குள் நடந்துகொண்டே இருக்கும். ஸ்டாட்மக்ஸ் என்று சொல்வோம். 1990-களில் அமெரிக்க டிடிஹெச் கம்பெனிகள் பழக்கிவிட்ட வித்தை, எங்கள் ராக்கில் பதினாலு சேனலாக வந்து உட்கார்ந்தது.

திரையில் பதினாலு பச்சைக் கம்பிகள் ஏறி இறங்கும். எனக்கு அதைப் பார்க்கிறது கோவில் திருவிழாவில் சீரியல் செட் பார்க்கிற மாதிரி. ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கும். பாட்டு சேனலில் குத்துப்பாட்டு வந்தால் கம்பி முட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் ஜோசியம் சொல்கிறவரின் கம்பி தரையோடு கிடக்கும். ஜோசியர் பாட்டுக்காரிக்குத் தானம் செய்வது அவருக்கே தெரியாது.

ஒரு நாள் அப்பா வந்திருந்தார். திருப்புவனம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு அவர்தான் நீர்க்கட்டி. யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று மடை திறந்து மடை அடைப்பது வேலை, அறுவடையில் நெல் கூலி. மூட்டுவலிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவரை, வெயில் தாழட்டும் என்று ஏசி ரூமில் உட்காரவைத்தேன். ரொம்ப நேரம் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது, ஏறி ஏறி இறங்குது?"

"ஒவ்வொண்ணும் ஒரு சேனல்ப்பா. மொத்தம் இவ்வளவுதான்னு அளவு. யாருக்கு எவ்வளவு வேணுமோ அதை எடுத்துக்கும்."

"எடுத்துக்குமா, கொடுப்பாகளா?"

பதில் சொல்லத் திணறினேன். அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு சேனலுக்கும் மூன்று எண்கள் கொடுத்திருப்போம். குறைந்தபட்சம், அதிகபட்சம், முன்னுரிமை. முன்னுரிமை அதிகமாக வைத்த சேனல்கள் எவை என்று கேட்டார். சொன்னேன். முதலாளியின் சொந்தச் சேனல் முதலில் இருந்தது. அப்பா சிரித்தார்.

"தலைமடைக்காரன். சரி, கடைமடைக்கு எத்தனை?"

கடைசியில் இருந்தது ஒரு பக்தி சேனல், ஒரு மூலிகை மருந்து சேனல். 1.2 மெகாபிட் குறைந்தபட்சம். எங்கள் கண்மாயில் தண்ணீர் குறைகிற வருஷம் முறை கடைமடையிலிருந்துதான் தொடங்கும், தலைமடைக்காரன் எப்படியும் கசிவில் பிழைத்துக்கொள்வான் என்பார் அப்பா. எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டே இன்னொன்று கேட்டார்: "எல்லாப் பயிரும் ஒரே நாள்ல வாடுனா என்ன செய்வ?"

"அப்படி வராதுப்பா" என்றேன்.

வந்தது. 2019 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. முந்தைய நாள் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும் சித்திரைத் தேரோட்டமும் ஒரே நாளில் விழுந்து, மதுரையில் மட்டும் இரவு 8 மணி வரை ஓட்டுப்போட விட்டிருந்தார்கள். யாரும் தூங்கவில்லை. விடிந்தால் அழகர் வைகையில் இறங்குகிறார். கன்ட்ரோல் ரூமில் நானும் ஒரு பையனும்.

பதினாலில் ஒன்பது சேனல் நேரலை. பாதிப் பேருக்குக் கேமராகூட ஒன்றுதான், ஒரே ஃபீடை வாங்கி அவரவர் லோகோவைப் போட்டுக்கொண்டார்கள். இப்போது அந்தக் காட்சியை ஒரு என்கோடரின் கண்ணால் பாருங்கள். அது பிழைப்பதே போன சட்டத்தில் இருந்தது இந்தச் சட்டத்தில் எங்கே நகர்ந்தது என்று கண்டுபிடித்துத்தான். அரை விநாடிக்கு ஒரு முழுப் படம் அனுப்பிவிட்டு, நடுவில் உள்ள பதினொன்றுக்கும் 'இது இங்கே நகர்ந்தது' என்று குறிப்பு மட்டும் அனுப்பும். வைகைக்குள் லட்சக்கணக்கில் தலைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். ஆற்றுத் தண்ணீர் நெளிகிறது. அழகர் வேஷம் கட்டியவர்கள் தோல்பையிலிருந்து பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் காற்றில் பொடியாகச் சிதறி வெளிச்சத்தில் மின்னுகிறது. தங்கக் குதிரையின் மேல் பட்டு, மாலை, குடை எல்லாம் ஆடுகின்றன. எதுவுமே போன சட்டத்தில் இருந்த இடத்தில் இல்லை. ஒன்பது என்கோடரும் ஒரே விநாடியில் 'எனக்குக் கஷ்டம், எனக்குக் கஷ்டம்' என்று கூவின. கம்பிகள் ஏறி ஒரே உயரத்தில் நின்றுவிட்டன. ஆடவே இல்லை. சீரியல் செட் அணைந்த மாதிரி இருந்தது எனக்கு.

எர்லாங்கின் நிபந்தனை அங்கே கழன்றது. அவரவர் பாட்டுக்கு என்பது போய், ஊரே ஒரே திசையில் திரும்பிவிட்டது. இப்படி ஒரு நாளில் ஸ்டாட்மக்ஸ் வெறும் ரேஷன் கடை.

போன் அடிக்க ஆரம்பித்தது. செல்லூரிலிருந்து ஒரு ஆபரேட்டர்: "அண்ணே, அழகர் என்ன பட்டு கட்டி இறங்குறாருன்னே தெரியல. கட்டந்தான் தெரியுது. இங்க எங்க ஆத்தா அழுகுது." பட்டின் நிறத்தை வைத்து அந்த வருஷத்தின் விளைச்சலைச் சொல்கிற ஊர். நிறம்தான் சுருக்கத்தில் முதலில் அடிபடும். எங்கள் தொழிலில் வெளிச்சத்துக்கு முழுப் புள்ளி, நிறத்துக்குக் கால்வாசிப் புள்ளிதான்.

சேனல் எதையாவது வேறு அலைவரிசைக்கு மாற்றலாம் என்றால், ஊரில் பாதிப் பெட்டி மறுபடி தேடாமல் பிடிக்காது. மூலிகை சேனல் ஏற்கெனவே 1.2-இல் கிடந்தது, அதைப் பிழிய ஒன்றுமில்லை. திரையின் அடியில் ஓடுகிற விளம்பர எழுத்து கண்ணில் பட்டது. கூர்மையான விளிம்போடு நிற்காமல் நகர்கிற எழுத்தும் பிட் தின்னும். ஒவ்வொரு சேனல்காரராகக் கூப்பிட்டேன்: "அண்ணே, கீழ ஓடுற எழுத்தைப் பத்து நிமிஷம் நிறுத்துங்க." நாலு பேர் நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும், "அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தானே நகைக்கடைக்காரர் காசு கொடுத்திருக்காரு தம்பி?" என்றார். நியாயம்தான்.

பிறகு முதலாளி கூப்பிட்டார். தன் சேனல் மட்டும் சுத்தமாக வரவேண்டும், மற்றது எப்படி வந்தாலும் பரவாயில்லை என்றார். முன்னுரிமை எண்ணை மாற்றினேன். ஒரு கம்பி நிமிர்ந்தது, எட்டும் தாழ்ந்தன. அந்தச் சேனலில் அழகர் தெளிவாக இறங்கினார். கடைசியில் இருந்த பக்தி சேனலில், வருஷம் முழுக்கச் சாமி காட்டுகிற அந்தச் சேனலில், சாமி முகமே இல்லை. அன்றைக்கு நான் மடை அடைத்தவன். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

இப்போது பிள்ளைகள் கேபிள் பார்ப்பதில்லை, கைபேசியில் பார்க்கிறார்கள். அங்கே ராக்கின் மேல் உட்கார்ந்து பிரிக்கிற கணினி கிடையாது. ஒரே படத்தைப் பல தரத்தில் சுருக்கி, சில விநாடித் துண்டுகளாக வெட்டி வைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் 2009-இல் இந்த மாதிரி ஒரு முறையை வெளியிட்டது, 2012-இல் பொதுத் தரமும் வந்தது. லைன் எப்படி இருக்கிறது என்று பார்த்து, பெரிய துண்டு வேண்டுமா சின்னது போதுமா என்று கைபேசியே முடிவு செய்கிறது. அப்பா கேட்டதற்கு இங்கே பதில் 'எடுத்துக்கும்'. அளவோடு எடுத்துக்கொள்ளும் பழக்கமும் ஒரு விபத்தில் வந்ததுதான். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் விநாடிக்கு 32,000 பிட் போன லைன் நெரிசலில் 40 பிட்டாகப் படுத்துவிட்டது. அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று எல்லாக் கணினியும் அதையே திரும்பத் திரும்ப அனுப்பியதுதான் காரணம். வான் ஜேக்கப்சன் 1988-இல் மருந்து சொன்னார்: நெரிசல் தெரிந்தால் ஒவ்வொருவரும் தானாகப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நீர்க்கட்டி இல்லாத வாய்க்கால், ஆனால் தண்ணீர் குறைந்தால் ஒவ்வொரு வயல்காரனும் தன் மடையைத் தானே பாதி அடைக்கிறான். நம்ப முடியாது, ஆனால் ஓடுகிறது.

2020 மார்ச்சில் அதற்கும் ஒரு அழகர் நாள் வந்தது. ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் படம் பார்த்தது. ஐரோப்பிய அதிகாரிகள் கேட்டுக்கொண்டதில் நெட்ஃப்ளிக்ஸும் யூடியூபும் அங்கே தரத்தைக் குறைத்தன. இந்தியாவிலும் மார்ச் 24-ஆம் தேதி ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் கூடிப் பேசி, மொபைல் நெட்வொர்க்கில் படத்தின் தரம் 480-க்கு மேல் போவதில்லை என்று ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன. முன்னுரிமை எண்ணை யாரோ எங்கேயோ மாற்றினார்கள்.

அந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மே 4-ஆம் தேதி இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். அம்மாவுக்காகக் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் அதே நேரத்தில் அதையே பார்க்கிறார்கள் என்று தெரியும், லைன் இழுக்கும், உடையும் என்று காத்திருந்தேன். உடையவே இல்லை. கேமரா அசையாமல் நின்றது. மண்டபத்தில் சில சிவாச்சாரியார்கள் மட்டும். விசிறி இல்லை, தலைகள் இல்லை, கழற்றிக் கட்டுகிற தாலிக்கயிறுகளோடு பெண்கள் யாரும் இல்லை. பின்னால் கல்தூண் அப்படியே நின்றது. அந்தச் சட்டத்தை ஒரு முறை அனுப்பிவிட்டு அடுத்த பத்து நிமிஷத்துக்கு என்கோடர் தூங்கப் போயிருக்கலாம்.

அம்மா கையை இறக்காமல் கும்பிட்டுக்கொண்டே, "எம்புட்டுத் தெளிவா இருக்கு பாரு" என்றாள்.